கியர் மாற்றும்போது ‘டொக்’: பிக்கப்பின் அடியில் சத்தத்தைத் தேடிப் பிடித்துச் சரிசெய்ய முழு வழிகாட்டி

முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றி கிளட்சை விட்டால் அடியிலிருந்து ஒரு ‘டொக்’. ரிவர்ஸ் போட்டு நகர்த்தினால் இன்னொரு ‘டொக்’. இதைக் கேட்டதுமே கியர்பாக்ஸ் போய்விட்டது என்று பயந்து, அதை இறக்கிப் பார்க்கச் சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலும் கியர்பாக்ஸில் ஒன்றும் இருக்காது. அதற்குப் பின்னால் இருக்கும் ஷாஃப்ட் (சுழற்சியைப் பின் ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் குழாய்), கிராஸ் (ஷாஃப்ட் முனையில் உள்ள கூட்டல் குறி வடிவ இணைப்பு), பட்டை (பின் ஸ்பிரிங் தகடுகள்), யூ போல்ட் (ஆக்ஸிலைப் பட்டையோடு கட்டுவது), மவுண்டிங் (என்ஜினையும் கியர்பாக்ஸையும் தாங்கும் ரப்பர்) ஆகியவற்றில் ஏதோ ஒன்றுதான் ஆட்டம் கண்டிருக்கும். எது என்று உறுதியாகத் தெரியும்வரை ஒரு போல்ட்டையும் கழற்றக் கூடாது. கீழே உள்ள வரிசை, செலவில்லாத சோதனையில் தொடங்கி செலவு பிடிக்கும் வேலையில் முடிகிறது.

மகிந்திரா பொலேரோ பிக்கப், டாடா யோதா, அசோக் லேலண்ட் தோஸ்த், இசுசு டி-மேக்ஸ் போல முன்னால் என்ஜின், பின்சக்கர இழுப்பு, பின்னால் பட்டை ஸ்பிரிங், மேனுவல் கியர் உள்ள வண்டிகளை மனதில் வைத்து எழுதியது இது.

சத்தம் ஏன் வருகிறது

என்ஜினிலிருந்து டயர் வரை சுழற்சி போகும் வழியில் ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். கியர் பற்களுக்கு நடுவே, ஸ்ப்லைனில் (ஒன்றுக்குள் ஒன்று நழுவும் பல் வரிசை), கிராஸில், கிரவுன்-பினியனில் (பின் ஆக்ஸிலின் நடுவில் உள்ள பல்சக்கர ஜோடி), ஆக்ஸில் முனையில் என்று அது பரவிக் கிடக்கிறது. கிளட்சை மிதித்ததும் விசை நின்று, இந்த ஆட்டம் எல்லாம் தளர்ந்துவிடும். கிளட்சை விட்டதும் ஒரே நொடியில் மொத்தமும் இறுகும். புது வண்டியில் அது காதுக்கு எட்டாது. நாலைந்து இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்திருந்தால், அத்தனையும் சேர்ந்து ஒரே அடியாகக் கேட்கும். ஒரு கிராஸை மாற்றியதும் சத்தம் பாதிதான் குறைந்தது என்று சிலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். மீதிப் பாதி வேறு இடத்தில் இருக்கிறது.

முதல் கியரிலும் ரிவர்ஸிலும் மட்டும் ஏன் இவ்வளவு பலமாகக் கேட்கிறது? 200 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும் என்ஜினில் முதல் கியர் விகிதம் 4 என்றால், ஷாஃப்ட்டுக்குப் போவது கிட்டத்தட்ட 800. டாப் கியரில் அது 200-க்கு அருகில்தான். அடி நாலு மடங்கு பலமாக விழுகிறது. ரிவர்ஸில் சுற்றும் திசையும் மாறுவதால், ஆட்டம் முழுவதும் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய் இடிக்கும்.

முதலில் காதால் கேளுங்கள்

ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். காலியான சாலையில் ரேடியோவை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு இவற்றைக் கவனியுங்கள்.

கிளட்சை விடும்போது ஒரே ஒரு ‘டொக்’ வந்து, பிறகு அமைதியாக ஓடினால் கிராஸ், ஸ்லிப் ஜாயின்ட் (ஷாஃப்ட் நீண்டு சுருங்கும் இணைப்பு), டிஃபரன்ஷியல் (கிரவுன்-பினியன் இருக்கும் பெட்டி), யூ போல்ட் ஆகியவற்றைச் சந்தேகப்படலாம். ஓடிக்கொண்டிருக்கும்போது அதே கியரில் ஆக்சிலேட்டரை விட்டு விட்டு மிதித்தாலும் அதே சத்தம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கியர் லீவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நகரும்போது மெதுவாக ‘கீச், கீச்’ என்று சக்கரச் சுற்றுக்கு ஏற்பக் கேட்டு, சில வாரம் கழித்து ‘டொக்’ ஆரம்பித்தால் கிரீஸ் வற்றிய கிராஸ். இந்த வரிசை அநேகமாகத் தப்பாது. சுமையோடு கிளம்பும்போது 15 முதல் 40 கிலோமீட்டர் வேகம்வரை ஒரு நடுக்கமும் சேர்ந்து வந்தால், சென்டர் பேரிங்கை (இரண்டு துண்டு ஷாஃப்ட்டை நடுவில் தாங்குவது) பாருங்கள். சத்தம் காலுக்கு முன்னால், டாஷ்போர்டு பக்கம் கேட்டால் என்ஜின் மவுண்டிங்.

‘டொக்’ இல்லாமல் பல் உரசும் ‘கர்ர்’ என்றால் அது வேறு நோய். கிளட்ச் முழுதாக விடுபடாததோ, சின்க்ரோ வளையம் (கியர் சேரும்முன் இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்குவது) தேய்ந்ததோ காரணமாக இருக்கும். அதைக் கடைசியில் பார்ப்போம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ரிவர்ஸ் எடுத்துவிட்டு முன்னால் நகர்ந்து முதல்முறை பிரேக் மிதிக்கும்போது மட்டும் பின்னால் ‘டக்’ என்றால், அது டிரம்முக்குள் பிரேக் ஷூ இடம் மாறி உட்காரும் சத்தம். பிரேக் தொடாமல் வருகிறதா என்பதை வைத்துப் பிரித்துவிடலாம்.

கழற்றாமல் பார்க்க வேண்டியவை

ஸ்டெப்னி தொங்கும் சங்கிலி, ஜாக்கி, டூல் பாக்ஸ், லோடு பாடியைச் சேசிஸோடு பிடிக்கும் போல்ட், சைலன்சர் தொங்கும் ரப்பர், பின் கதவுக் கொண்டி என ஒவ்வொன்றையும் கையால் ஆட்டிப் பாருங்கள். கியர் மாற்றும்போது வண்டி ஒரு குலுக்கு குலுக்கும். தளர்ந்த ஸ்டெப்னி அந்தக் குலுக்கிலேயே இடிக்கும். சைலன்சர் குழாய் சேசிஸில் பட்ட இடம் மட்டும் பளபளவென்று தேய்ந்து தெரியும். நான்கு சக்கர நட்டுகளையும் ஸ்பேனர் போட்டு ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். பத்து நிமிட வேலை, ஆனால் இதைத் தாண்டிக் குதித்துப் போனவர்கள்தான் வீணாக டிஃபரன்ஷியலைப் பிரிக்கிறார்கள்.

என்ஜின், கியர்பாக்ஸ் மவுண்டிங்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். பானெட்டைத் திறந்து, பார்ப்பவர் பக்கவாட்டில் நிற்க வேண்டும். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது. ஓட்டுநர் கை பிரேக்கும் கால் பிரேக்கும் இறுக்கிப் பிடித்து, முதல் கியரில் கிளட்சை மெல்ல, வண்டி இழுக்கத் தொடங்கும் இடம்வரை மட்டும் விட வேண்டும். பிறகு ரிவர்ஸில் அதே மாதிரி. டீசல் என்ஜின் கொஞ்சம் சாயத்தான் செய்யும். ஆனால் ஒரு பக்கம் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் தூக்கி ‘டங்’ என்று விழுந்தால் அந்தப் பக்க ரப்பர் தகட்டிலிருந்து விட்டுப்போய்விட்டது.

கியர்பாக்ஸ் மவுண்டிங்கைக் கீழிருந்துதான் பார்க்க முடியும். கியர்பாக்ஸுக்குக் கீழே ஒரு மரக்கட்டை வைத்து, ஜாக்கியால் அரை இஞ்ச் மட்டும் தூக்குங்கள். ரப்பர் இரண்டாகப் பிளந்து வாய் திறந்தால் முடிந்தது. எண்ணெய் கசிந்து ஊறிய ரப்பர் பார்வைக்கு முழுசாக இருக்கும், தொட்டால் களிபோல நசுங்கும். அதையும் மாற்ற வேண்டியதுதான். ஆனால் கசிவை நிறுத்தாமல் புது ரப்பர் போட்டால் அதுவும் அதே கதிக்குத்தான் போகும். போல்ட்டுகளை எல்லாம் கையளவு மாட்டி, என்ஜின் தன் எடையில் உட்கார்ந்த பிறகே இறுக்குங்கள்.

ஷாஃப்ட்டும் கிராஸும்: பெரும்பாலும் குற்றவாளி இங்கேதான்

ரேம்ப் அல்லது குழி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஸ்டாண்ட் வைக்காமல் வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள். சக்கரம் தரையிலோ ரேம்ப்பிலோ எடையோடு நிற்கும்படி சோதிப்பதே சரி. சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் ஷாஃப்ட்டின் கோணம் மாறி, ஆட்டம் மறைந்துகொள்ளும்.

கட்டை வைத்து, என்ஜினை அணைத்து, கை பிரேக் போட்டு, முதல் கியரில் விடுங்கள். இப்போது ஷாஃப்ட்டின் இரண்டு முனையும் பிடிபட்டிருக்கும். ஒவ்வொரு கிராஸிலும் ஒரு கை இந்தப் பக்க யோக்கிலும் (கிராஸைப் பிடித்திருக்கும் கவை), இன்னொரு கை அந்தப் பக்க யோக்கிலுமாகப் பிடித்து, எதிரெதிராக முறுக்குங்கள். இரண்டு யோக்கும் ஒரே உடம்பாக நகர வேண்டும். நடுவில் கண்ணுக்குத் தெரிகிற அளவு ஆட்டம் இருந்தாலே கிராஸ் போய்விட்டது. இதில் ‘கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை’ என்பது கிடையாது. அடுத்து ஒரு லீவர் கம்பியை யோக்குக்கும் கிராஸுக்கும் நடுவே கொடுத்து மேலே, கீழே நெம்புங்கள். கிராஸின் ஒவ்வொரு காலையும் மூடியிருக்கும் கப்பின் ஓரத்தில் செங்கல் பொடி நிறத்தில் துருத்தூள் படிந்திருந்தால், உள்ளே ஊசி பேரிங் கிரீஸ் இல்லாமல் அரைபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

கிராஸ் மாற்றும் முறை

இரண்டு துண்டு ஷாஃப்ட் உள்ள வண்டியில் இரண்டு, மூன்று கிராஸ் இருக்கும். ஒன்று போயிருந்தால் மற்றவையும் அதே தூரம் ஓடியவைதான். ஷாஃப்ட்டை எப்படியும் இறக்கப் போகிறோம், எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுவதே லாபம். கடைக்குப் பழையதைக் கையோடு எடுத்துப்போய், கப்பின் விட்டத்தையும் கப் முனைக்கு முனை நீளத்தையும் வெர்னியரில் அளந்து வாங்குங்கள். கப்பை வெளியே வராமல் பிடிக்கும் வளையமான சர்க்லிப் வெளியே உட்காரும் வகையா, உள்ளே உட்காரும் வகையா என்பதையும் பாருங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு கிராஸ்களுக்கு ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும் சர்க்லிப் பள்ளத்தில் உட்காராது.

1. கழற்றுவதற்கு முன் ஃபிளாஞ்சுக்கு ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தகடு), ஸ்லிப் யோக்குக்குக் குழாய் என்று எல்லா இணைப்பிலும் வெள்ளை பெயிண்டால் கோடு போடுங்கள். இரு முனை யோக்குகளும் தொழிற்சாலையில் ஒன்றுக்கொன்று நேராக வைக்கப்பட்டவை. ஸ்ப்லைனில் ஒரு பல் மாறி மாட்டினாலும் புதிய கிராஸோடு புதிய நடுக்கமும் வந்து சேரும்.

2. சக்கரக் கட்டைகளை மறுபடி சரிபாருங்கள். ஷாஃப்ட் இறங்கியதும் கியரில் போட்டு நிறுத்துவது பயன்படாது. கை பிரேக் கியர்பாக்ஸின் பின்முனையில் இருக்கும் பழைய வண்டிகளில் அதுவும் பிடிக்காது. ஃபிளாஞ்ச் போல்ட்டைக் கழற்றி ஷாஃப்ட்டை இறக்குங்கள். குழாயில் ஒட்டவைத்த சிறு தகடு பேலன்ஸுக்கு வைத்தது, அதைத் தட்டிவிடாதீர்கள்.

3. சர்க்லிப் பள்ளத்தை வயர் பிரஷால் சுத்தம் செய்யுங்கள். கப்பை உள்நோக்கி லேசாகத் தட்டினால் சர்க்லிப் மீது இருக்கும் அழுத்தம் விடுபட்டு, பிளையரால் எளிதாக வெளியே வரும்.

4. பெஞ்ச் வைஸில் ஒரு பக்கம் கப்பைவிடச் சற்றுச் சின்ன சாக்கெட், மறுபக்கம் கப் உள்ளே நுழையும் அளவு பெரிய சாக்கெட் வைத்து இறுக்குங்கள். எதிர்ப்பக்கக் கப் வெளியே வரும். சுத்தியலால் யோக்கின் காதில் அடித்துக் கழற்றினால் காது வளையும். புது கிராஸ் இறுகிப்போய் சீக்கிரமே தேயும்.

5. யோக்கின் துளையைத் துடைத்து, புதுக் கப்பைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். விரலுக்கே வழுக்கிக்கொண்டு போனால் யோக்கே தேய்ந்துவிட்டது. பஞ்ச் அடித்து இறுக்குவதும் தகடு சுற்றிச் செருகுவதும் சில நாள் மட்டுமே தாங்கும். யோக்கை மாற்றுங்கள்.

6. புதுக் கப்புகளில் கிரீஸ் தடவி, ஊசிகள் எல்லாம் சுவரோடு ஒட்டி நிற்கின்றனவா என்று பாருங்கள். ஒரு கப்பைப் பாதி செருகி, கிராஸின் காலை அதற்குள் நுழைத்த பிறகே எதிர்க் கப்பை அழுத்த வேண்டும். இந்த வேலை கெடுவது இங்கேதான். ஓர் ஊசி சாய்ந்து கப்பின் அடியில் படுத்துவிட்டால் கப் கடைசி இரண்டு மில்லிமீட்டர் உள்ளே போகாது, சர்க்லிப் பள்ளம் தெரியாது. வைஸை இன்னும் இறுக்கினால் கப் வெடிக்கும். வெளியே எடுத்து ஊசியை நிமிர்த்திவிட்டு மறுபடி போடுங்கள்.

7. நான்கு சர்க்லிப்பும் பள்ளத்தில் ‘கிளிக்’ என்று உட்கார வேண்டும். பித்தளைச் சுத்தியலால் யோக்கை லேசாகத் தட்டினால் இறுக்கம் விடும். கிராஸ் இரண்டு திசையிலும் விரலால் தள்ளும்போது சிக்காமல் திரும்ப வேண்டும்.

8. கிரீஸ் அடிக்கும் முனைகளான நிப்பிள்கள் எல்லாம் ஒரே பக்கம் வரும்படி வைத்தால் பிறகு கிரீஸ் அடிக்க வசதி. இபி 2 கிரேடு லித்தியம் கிரீஸை நான்கு கப் ஓரத்திலும் எட்டிப்பார்க்கும்வரை அடியுங்கள். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால், ஷாஃப்ட்டை அந்தக் கப்புக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே அடியுங்கள்.

9. பெயிண்ட் கோடுகளைப் பொருத்தி மாட்டுங்கள். ஃபிளாஞ்சுக்குப் புது லாக் நட், கம்பெனி கொடுத்த கிரேடு போல்ட். கைக்குக் கிடைத்த சாதா போல்ட்டைப் போடும் இடம் இது இல்லை. டார்க் (இறுக்கும் முறுக்குவிசை) அளவு வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ளபடி.

ஸ்லிப் ஜாயின்ட்

பின் ஆக்ஸில் மேலும் கீழும் போகும்போது ஷாஃப்ட் நீண்டு சுருங்க வேண்டும். அதற்கான ஸ்ப்லைன் வறண்டுவிட்டால் அது நழுவாமல் சிக்கிக்கொண்டு, விசை மாறும் நொடியில் ஒரே தாவலாக நகரும். பிரேக் போட்டு நின்ற பிறகு, அல்லது நின்ற வண்டி கிளம்பும் அந்த ஒரு நொடியில் மட்டும் சத்தம் வந்தால் முதலில் இதற்குக் கிரீஸ் அடியுங்கள். மாலிப்டினம் கலந்த கிரீஸ் நல்லது. யோக்கின் முனைத் தகட்டில் ஒரு சிறு துளை இருக்கும். அதில் கிரீஸ் வந்ததும் விரலால் துளையை மூடிக்கொண்டு, மறுமுனை சீலில் வரும்வரை இன்னும் கொஞ்சம் அடியுங்கள். இரண்டு மூன்று நாள் சத்தம் நின்று திரும்ப வந்தால் ஸ்ப்லைன் தேய்ந்திருக்கிறது. யோக்கைப் பிடித்துக் குழாயை மேலும் கீழும் ஆட்டினால் அது தெரிந்துவிடும்.

சென்டர் பேரிங்

ஷாஃப்ட்டை பேரிங்குக்கு அருகில் பிடித்து மேலே தள்ளுங்கள். ரப்பர் கொஞ்சம் இணங்கும், அது இயல்பு. கிழிந்து ஷாஃப்ட் தொங்கினால், விசை ஏறும்போது பிராக்கெட்டில் போய் இடிக்கும். மாற்றும்போது பிராக்கெட்டுக்கும் சேசிஸுக்கும் நடுவே வாஷரோ தகடோ இருந்தால் அதை அப்படியே திரும்பப் போடுங்கள். கூடுதலாக விழுந்த குப்பை என்று தூக்கி எறிந்தால் ஷாஃப்ட்டின் கோணம் மாறிவிடும்.

பட்டை, யூ போல்ட், ஷேக்கிள் புஷ்

சுமை வண்டிகளில் கிராஸுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். முதல் கியரில் விசை ஏறும்போது ஆக்ஸில் தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது யூ போல்ட். அது தளர்ந்தால் ஆக்ஸில் பட்டை மேல் சில மில்லிமீட்டர் வழுக்கி இடிக்கும். அப்படியே ஓட்டினால் பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் நடு போல்ட் அறுந்து ஆக்ஸில் கோணலாகும். பின்னால் வருபவர்களுக்கு வண்டி நண்டு மாதிரி சாய்ந்து ஓடுவது தெரியும்.

செல்போனை வண்டிக்குப் பக்கத்தில், பின் பட்டை தெரியும்படி தரையில் சாய்த்து வைத்து வீடியோ போடுங்கள். மவுண்டிங்குக்குச் செய்த அதே சோதனையைச் செய்யுங்கள். அந்த வீடியோவைத் திரும்பப் போட்டு மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தால் ஆக்ஸில் எவ்வளவு புரள்கிறது, பட்டைக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே இடைவெளி திறக்கிறதா, ஷேக்கிள் (பட்டையின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் கொண்டி) ஆடுகிறதா என்பதெல்லாம் அப்பட்டமாகத் தெரியும். யாரும் அடியில் படுக்க வேண்டியதில்லை. யூ போல்ட் தகட்டின் ஓரத்தில் பெயிண்ட் உரிந்து, புது இரும்பு போல மின்னினாலும் அங்கே நகர்வு இருக்கிறது.

தளர்ந்த யூ போல்ட்டை அப்படியே இறுக்கி ஓட்டுவது அவசரத்துக்கு மட்டும். ஒருமுறை நீண்ட போல்ட் பழைய பிடியைத் தராது. புது யூ போல்ட், புது நட்டு போட்டு, சக்கரம் தரையில் எடையோடு நிற்கும்போது குறுக்குக் குறுக்காக, நாலைந்து சுற்றில் சமமாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போகாதீர்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கியே ஆக வேண்டும். ஷேக்கிள் புஷ்ஷை லீவரால் நெம்பிப் பார்த்து, ஷேக்கிளின் பின் (pin) தேய்ந்திருந்தால் அதையும் சேர்த்தே மாற்றுங்கள்.

கூடுதல் சுமைக்காக எக்ஸ்ட்ரா பட்டை போட்ட வண்டிகளுக்கு ஒரு வார்த்தை. பின்பக்கம் தூக்கினால் ஷாஃப்ட்டின் கோணம் அதிகமாகி, கிராஸ் அடிக்கடி போகும். வருடத்துக்கு இரண்டு கிராஸ் மாற்றிக்கொண்டிருந்தால், கிராஸ் கம்பெனியைத் திட்டுவதற்கு முன் பட்டையைப் பாருங்கள்.

டிஃபரன்ஷியல்

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தால்தான் இங்கே வர வேண்டும். கை பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வையுங்கள். ஷாஃப்ட் வந்து சேரும் பினியன் ஃபிளாஞ்சின் விளிம்பிலும் ஹவுசிங்கிலும் ஒரே நேர்க்கோடு வரைந்து, ஃபிளாஞ்சை இரு பக்கமும் திருப்பிக் கோடு எவ்வளவு நகர்கிறது என்று அளங்கள். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஃபிளாஞ்சில் ஒரு டிகிரி என்பது விளிம்பில் சுமார் 0.9 மில்லிமீட்டர். நாலைந்து மில்லிமீட்டர் நகர்ந்தால் ஓடிய வண்டிக்கு அது சாதாரணம். பத்தைத் தாண்டினால் திறந்து பார்க்கலாம். இது கைக்கணக்குதான். முடிவான அளவு உள்ளே டயல் கேஜ் வைத்துப் பார்க்கும் கிரவுன்-பினியன் இடைவெளி. பல வண்டிகளில் அது 0.10 முதல் 0.20 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

ஃபிளாஞ்சை மேலும் கீழும், உள்ளும் வெளியும் ஆட்டிப் பாருங்கள். அந்தத் திசையில் துளி ஆட்டம்கூட இருக்கக் கூடாது. இருந்தால் பினியன் பேரிங் போயிருக்கிறது, அல்லது நட்டு தளர்ந்திருக்கிறது. நட்டுதானே என்று நீளக் குழாய் மாட்டி இழுத்து இறுக்கிவிடாதீர்கள். பேரிங்கின் முன் அழுத்தம் (ஆட்டமில்லாமல் இருக்கக் கொடுத்த இறுக்கம்) அந்த நட்டின் இறுக்கத்தில்தான் இருக்கிறது. உள்ளே நசுங்கும் ஸ்லீவ் இருந்தால், அதிகமாக இறுக்கிய பிறகு பின்வாங்க வழியில்லை. ஸ்லீவை மாற்றித்தான் ஆக வேண்டும்.

ஆயில் பார்க்கும்போது முதலில் நிரப்பும் பிளக்கைத் திறங்கள், பிறகு வடிக்கும் பிளக். மேலே உள்ளது துருப்பிடித்துத் திறக்காமல் போய், கீழே வடித்தும்விட்டால் வண்டி அங்கேயே நிற்கும். பிளக் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் அது இயல்பான தேய்மானம். நகத்தில் தட்டுப்படும் சில்லுகள் இருந்தால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது. ஆயில் நிரப்பும் துளையின் கீழ் விளிம்புவரை இருக்க வேண்டும். டிஃபரன்ஷியலுக்குப் பெரும்பாலும் ஜிஎல்-5 வகை, 80டபிள்யூ-90 அல்லது 85டபிள்யூ-140. மிச்சம் இருந்த அதே ஆயிலை கியர்பாக்ஸிலும் ஊற்றிவிடாதீர்கள். ஜிஎல்-4 கேட்கும் கியர்பாக்ஸில் சில ஜிஎல்-5 ஆயில்கள் பித்தளை சின்க்ரோ வளையத்தை அரிக்கும்.

டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சிறு பல்சக்கரமான ஸ்பைடர் கியரின் வாஷர் தேய்ந்தாலும் இதே ‘டொக்’ வரும். அது சின்ன வேலை. கிரவுன்-பினியனை மாற்றுவது அப்படியல்ல, ஜோடியாகவே மாற்ற வேண்டும், ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) வைத்து, பல் மேல் வண்ணம் தடவிப் பதிவு பார்த்து அமைக்க வேண்டும். டயல் கேஜ் இல்லாத பட்டறையில் இதைக் கொடுக்காதீர்கள்.

கிளட்சும் கியர்பாக்ஸும்

என்ஜின் ஐட்லிங்கில் இருக்க, கிளட்சை முழுதாக மிதித்து நாலு நொடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். ‘கர்ர்’ என்றால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. பெடல் ஆட்டம், ஹைட்ராலிக் எண்ணெய் அளவு, காற்று புகுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு குறிப்பிட்ட கியரில் மட்டும் உரசினால் அந்தக் கியரின் சின்க்ரோ.

கிளட்ச் பிளேட்டில் உள்ள சிறு ஸ்பிரிங்குகள் அடியைத் தாங்கவே வைத்தவை. அவை உடைந்தால் கிளட்ச் விடும்போது லொடலொடப்போடு இடியும் கேட்கும். டூயல் மாஸ் ஃபிளைவீல் (அதிர்வைக் குறைக்க இரண்டு பகுதியாகச் செய்தது) உள்ள வண்டிகளில் அது போனால், என்ஜினை அணைக்கும் நொடியிலும் ‘டங்’ என்று ஒரு சத்தம் வரும். மேலே உள்ள எல்லாச் சோதனையும் தேறி, இந்த அறிகுறிகளும் இருந்தால் மட்டுமே கியர்பாக்ஸை இறக்குங்கள்.

வேலை முடிந்ததும்

முதலில் காலி வண்டியில் ஐந்தாறு கிலோமீட்டர், பிறகு வழக்கமான சுமையோடு ஒரு முறை ஓட்டுங்கள். ஏற்றத்தில் நின்று கிளம்புவது, ரிவர்ஸிலிருந்து முதல் கியர், மூன்றாவதில் ஆக்சிலேட்டர் விட்டுப் பிடிப்பது ஆகிய மூன்றும் போதும். வந்ததும் ஃபிளாஞ்ச் போல்ட்டைத் தொட்டுப் பாருங்கள், கிராஸ் கப்புகள் கை வைக்க முடியாத அளவு சுடக் கூடாது. ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அது இறுகலாக உட்கார்ந்திருக்கிறது, மறுபடி கழற்ற வேண்டும். அதன் பிறகு என்ஜின் ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் எல்லா நிப்பிளுக்கும் கிரீஸ். தண்ணீர் தேங்கிய சாலையிலோ வயல் சேற்றிலோ இறங்கி ஏறினால், அடுத்த சர்வீஸுக்குக் காத்திராமல் அந்த வாரமே அடித்துவிடுங்கள்.